தேறிய மனமும் பெருத்த உடலும்

மனச்சிதைவு நோய், இருதுருவக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு ஆகிய மூன்றையும் மருத்துவ உலகம் ‘தீவிர மனநோய்கள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசுகிறது. சிந்தனையையும் உணர்ச்சியையும் நெடுங்காலத்துக்குக் குலைத்து, படிப்பு, வேலை, குடும்பம் என்று வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் முடக்கிவிடும் வலிமை இவற்றுக்கு உண்டு என்பதே அதற்குக் காரணம். இந்நோயாளிகள் மற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதிசெய்யப்பட்ட உண்மை. அந்த இறப்புகளுக்குத் தற்கொலையே முதற்காரணம் என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், இதயநோய், பக்கவாதம், சர்க்கரைநோய், நுரையீரல் நோய் போன்ற உடல்நோய்கள் பறிக்கும் உயிர்களே அதிகம். அவற்றுள் பலவற்றுக்கு வழிதிறந்து விடுவது, சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே ஏறத் தொடங்கி, பிறகு இறங்க மறுக்கும் உடல் எடை.

எடை ஏறுவதை நலம் திரும்புவதன் அடையாளமாகக் காணும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியது. அதற்கு வரலாற்று நியாயமும் உண்டு. காசநோயும் பசியும் கைகோத்து நின்ற காலத்தில், உடம்பு தேறினால்தான் ஆள் பிழைத்தார் என்று பொருள். தென்சென்னைப் புறநகரில் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த தாம்பரம் சானடோரியம் அந்தக் காலத்தின் நினைவுச்சின்னம். 1928-இல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து நிறுவிய அந்தக் காசநோய் இல்லம் பின்னர் அரசின் வசமாகி, இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக இயங்குகிறது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே அக்கால சானடோரியங்களின் சிகிச்சை. எடை பார்க்கும் கருவியின் முள் வலப்பக்கம் நகர்வதே வெற்றியின் அளவுகோல். ஆனால் அந்த அளவுகோலே குறைபாடுடையது என்பதைக் காட்டிய ஆய்வும் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஒரே மருந்துகளைச் சானடோரியத்தில் தங்கி உண்டவர்களையும் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடி உண்டவர்களையும் ஒப்பிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவும் மேலாக இருந்தது, எடையும் கூடுதலாக ஏறியது. நோய் குணமானதில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எடையும் நலமும் தனித்தனிப் பாதையில் செல்லக்கூடும் என்ற அந்தப் பாடம், மனநோய்ச் சிகிச்சையில் இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794-இலேயே தோன்றிவிட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. ஆயினும் நோயின் போக்கையே மாற்றும் மருந்து என்று சொல்லத்தக்கது 1952-இல் பாரிஸ் நகரில் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட குளோர்புரோமசின்தான். ஆன்டிசைக்காட்டிக் என்று பொதுவாக அழைக்கப்படும் மருந்துக் குடும்பத்துக்கு அதுவே மூத்தது. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் வேலையை மட்டுப்படுத்துவதன்மூலம், இல்லாத குரல்கள் கேட்பதையும் ஆதாரமற்ற சந்தேகங்களையும் இம்மருந்துகள் தணிக்கின்றன. அதே குடும்பத்தில் வந்த ஹாலோபெரிடால் போன்றவை கைநடுக்கத்தையும் தசை விறைப்பையும் உண்டாக்கியதால், அத்தொல்லை குறைந்த இரண்டாம் தலைமுறை மருந்துகள் 1990களில் பெரும் வரவேற்பைப் பெற்றன. க்ளோசபின், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவை அவ்வரிசையில் முக்கியமானவை. நடுக்கம் போனது, அதன் இடத்தில் எடை வந்தது. 1999-இல் டேவிட் அலிசன் தலைமையிலான குழு அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, பத்தே வாரங்களில் க்ளோசபின் சராசரியாக 4.45 கிலோவும், ஓலன்சபின் 4.15 கிலோவும், ரிஸ்பெரிடோன் 2.1 கிலோவும் கூட்டுவது தெரிந்தது. சிப்ரசிடோன் என்ற மருந்தால் ஏறியதோ 0.04 கிலோ மட்டுமே. ஒரே நோய்க்கான மருந்துகளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதிலிருந்து, எடை ஏற்றத்தை நோயாளியின் வாய்க்கட்டுப்பாடின்மைக்குக் கணக்கெழுதுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

இம்மருந்துகள் பசியை எப்படித் தூண்டுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பிள்ளைகளுக்குப் ‘பசி எடுக்க’ என்று கேட்டு வாங்கப்படும் சிப்ரோஹெப்டடின் சிரப் நல்ல உதாரணம். அடிப்படையில் அது ஒவ்வாமைக்கான மருந்து. ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகிய இரு வேதிப்பொருள்கள் செல்களில் சென்று பொருந்தும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அது அடைத்துவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பசியையும் நிறைவையும் கண்காணிக்கும் பகுதி. ‘போதும்’ என்ற செய்தி அங்கே பதிவாவதற்கு இந்த ஏற்பிகள் வேலை செய்தாக வேண்டும். ஓலன்சபினும் க்ளோசபினும் டோபமின் ஏற்பியோடு நின்றுவிடாமல், ஹெச்1 என்னும் ஹிஸ்டமின் ஏற்பியையும் 2சி வகைச் செரட்டோனின் ஏற்பியையும் வலுவாக அடைக்கின்றன. 2சி ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட சோதனைச் சுண்டெலிகள் அளவுமீறித் தின்று பருத்தன என்று 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு மருந்து ஹெச்1 ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறதோ அவ்வளவுக்கு எடை ஏற்றும் ஆற்றலும் கூடுவதைப் பிற்கால ஆய்வுகள் கண்டறிந்தன. ஆக, இரவு மாத்திரை போட்ட பிறகு பத்து மணிக்கு மேல் அடுப்பங்கரையில் பாத்திரத்தைத் திறந்து பார்க்கும் நோயாளி பேராசையால் அப்படிச் செய்வதில்லை. சாப்பிட்டு முடித்த செய்தி அவருடைய மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

பசி ஒரு வழி மட்டுமே. ஹெச்1 ஏற்பி அடைபடுவதால் தூக்கக் கலக்கம் உண்டாகி, பகலிலும் உடல் அசைவு குறைகிறது. வாய் உலர்ந்து தாகம் எடுக்கும்போது குளிர்பானமோ இனிப்பான தேநீரோ கைக்கு வருகிறது. நோயின் ஒரு பகுதியாகவே வரும் ஊக்கக்குறைவு, அதாவது எதையும் தொடங்கும் உந்துதலே அற்றுப்போகும் நிலை, நடையையும் வேலையையும் நிறுத்துகிறது. இவற்றுக்கெல்லாம் அப்பால், இன்சுலின் என்னும் ஹார்மோனுக்கு உடல் கட்டுப்படும் திறனையும் மருந்து நேரடியாகக் குறைக்கக்கூடும். நோயில்லாத தன்னார்வலர்கள் ஒன்பது நாள் ஓலன்சபின் உட்கொண்ட ஓர் ஆய்வில், எடை ஏறாதபோதே இன்சுலின் எதிர்ப்பு தலைகாட்டியது. எடை ஏறாமலே சர்க்கரை ஏறிய நோயாளிகளும் உண்டு என்பதால், கண்ணுக்குத் தெரியும் பருமனை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. இருதுருவக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் லித்தியமும் வால்புரோவேட்டும், மனச்சோர்வுக்கான மிர்டசபின், அமிட்ரிப்டிலின் போன்றவையும் எடை கூட்டுபவையே. இரண்டு மருந்துகள் சேரும்போது விளைவும் கூடுகிறது.

நோயா, மருந்தா என்ற கேள்வி பழையது. இம்மருந்துகள் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1879-இல், மனநோய் மிகுந்த குடும்பங்களில் சர்க்கரைநோயும் அடிக்கடி தோன்றுவதை ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி குறித்திருந்தார். இந்த வாதத்தில் மருந்தின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டும் வாய்ப்பு மேலைநாடுகளில் அரிது. அங்கே ஆண்டுக்கணக்கில் மருந்தே பெறாத மனச்சிதைவு நோயாளியைக் காண்பதே கடினம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டோர் இருந்தார்கள், இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக ஸ்கார்ப், சென்னைக்குத் தெற்கே உள்ள திருப்போரூர் வட்டாரத்தில் சமுதாய மனநலத் திட்டம் நடத்திய அமைப்பு. மருந்தை ஒருமுறையும் காணாத நாட்பட்ட நோயாளிகளை அந்த அமைப்பின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மருத்துவர் ஆர். பத்மாவதியும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகையோரிடம் உடற்பருமனும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும் அரிதாகவே இருப்பதைத் தெரிவித்தது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது பெருத்த இடுப்பு, உயர் இரத்த அழுத்தம், உயர்ந்த சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் ஏற்றம், நல்ல கொழுப்பின் குறைவு ஆகியவற்றுள் குறைந்தது மூன்று ஒருசேர அமைவது. மறுபுறம், ஸ்கார்ப் அமைப்பும் மருத்துவர் வி. மோகனின் நீரிழிவு ஆய்வுக்குழுவும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட சென்னை ஆய்வில், மனச்சிதைவு நோயாளிகளிடம் சர்க்கரைநோயும் பருமனும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால் மருந்தின் கை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் முதல் ஆய்வை மருந்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வது முறையன்று. சிகிச்சையே பெறாத மனிதரின் மெலிவில் புறக்கணிப்புக்கும் பட்டினிக்கும் பங்கிருக்கும். தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, கோவளத்திலும் பணிபுரியும் பானியன் போன்ற அமைப்புகளுக்கு வந்துசேர்பவர்களுக்கு முதல் சில மாதங்களில் எடை ஏறுவது தேவையே. தேவையான ஏற்றம் எங்கே முடிந்து, தீங்கான ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை எடைக் கருவி ஒன்றுதான் சொல்லும்.

தென்னிந்திய உடலமைப்பு இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. பார்வைக்கு ஒல்லியாகவும், வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்தும் இருப்பது இந்தியர்களின் இயல்பு என்பதைப் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் தம்மையே உதாரணமாக்கி விளக்கினார்: அவருக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே, 22.3, உடலில் கொழுப்பின் அளவோ பிரிட்டிஷ்காரருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்தக் குறியீட்டெண். ஐரோப்பியருக்கு 25-ஐத் தாண்டினால் மிகை எடை, 30-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்ளப்பட, இந்தியருக்கு 23, 25 என்று வரம்புகள் இறக்கப்பட்டிருக்கின்றன. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் சர்க்கரைநோயாளிகள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். இப்படிப்பட்ட மண்ணில் ஓலன்சபின் தொடங்கும் ஒருவருக்கு நான்கு கிலோ ஏற்றம் என்பது, லண்டனில் அதே மருந்தைத் தொடங்குபவருக்கு ஏறும் நான்கு கிலோவைவிடக் கூடுதல் ஆபத்துள்ளது.

இவ்வளவையும் கேட்டபின் மருந்தை நிறுத்திவிடலாமே என்று தோன்றுவது இயல்பு; பலர் யாரிடமும் சொல்லாமல் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். இங்கேதான் இத்துறையின் மிக வியப்பான தரவு குறுக்கே வருகிறது. பின்லாந்து நாட்டின் மனச்சிதைவு நோயாளிகளைப் பதினோர் ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாரி டீஹோனன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா மருந்துகளிலும் குறைவான இறப்பு விகிதம் க்ளோசபின் உண்டவர்களிடம் காணப்பட்டது. எடை ஏற்றுவதில் முதலிடத்தில் நிற்கும் மருந்துதான் அது. மருந்தே உட்கொள்ளாதவர்களிடம் இறப்பு அதைவிட மிக அதிகம். நோய் அடங்கிய மனிதர் வேளைக்கு உண்கிறார், உறங்குகிறார், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தணிகிறது. இவற்றின் நன்மை எடையின் தீமையை மிஞ்சிவிடுகிறது என்பதே பொருத்தமான விளக்கம். எனவே எடையைக் கையாளும் எந்த வழியும் மருந்தை விடாமல் பிடித்துக்கொண்டே போகும் வழியாக இருக்க வேண்டும்.

அந்த வழியில் காலம்தான் முதல் ஆயுதம். ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. அதிலும் முதல் ஆறு வாரங்களில் வேகமாக ஏறுபவர்களே ஆண்டு முடிவில் மிக அதிகம் ஏறியவர்களாக நிற்கிறார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் 2004-இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரை, மருந்து தொடங்கும் நாளிலும், பிறகு 4, 8, 12 ஆம் வாரங்களிலும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் எடை பார்க்கச் சொல்கிறது. இடுப்புச் சுற்றளவும், இரத்த அழுத்தமும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கொழுப்பும் தொடக்கத்திலேயே பதிவாக வேண்டும். தொடக்க எடையில் 5 விழுக்காடு கூடினால் மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்பது அதன் இன்னொரு கூறு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வெறும் 3 கிலோ. துப்பட்டாவும் நைட்டியும் மறைத்துவிடக்கூடிய அளவு அது; வீட்டார் கண்ணில் படும்போது 10 கிலோ ஏறியிருக்கும். ஏறிய பத்தை இறக்குவதைவிட மூன்றில் நிறுத்துவது பல மடங்கு எளிது என்பதில் இத்துறையில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் தொடக்க எடை எழுதப்படாத மருந்துச் சீட்டுகள் ஏராளம். தொடக்கம் தெரியாதபோது ஐந்து விழுக்காட்டை எதிலிருந்து கணக்கிடுவது?

உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்யும் திட்டங்கள் பலன் தருமா என்பதற்கு ஆய்வுலகம் கலவையான விடையைத் தருகிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 291 பேரைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், குழு வகுப்பு, தனி ஆலோசனை, உடற்பயிற்சி மூன்றும் சேர்ந்து பதினெட்டு மாத முடிவில் ஒப்பீட்டுக் குழுவைவிட 3.2 கிலோ குறைத்துக் காட்டின. இங்கிலாந்தில் 414 பேரிடம் நடந்த ‘ஸ்டெப்வைஸ்’ ஆய்வும், டென்மார்க்கில் 428 பேரிடம் நடந்த ‘சேஞ்ச்’ ஆய்வும் ஆண்டு முடிவில் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. உன்னிப்பாகப் பார்த்தால் இம்முரணுக்கு ஓரளவு விளக்கம் கிடைக்கிறது: மேரிலாந்து நோயாளிகள் ஏற்கெனவே வாரம் பல நாள் வந்துபோகும் மறுவாழ்வு மையங்களிலேயே பயிற்சி நடந்தது, அடிக்கடி நடந்தது, உடன் சேர்ந்து செய்ய ஆள் இருந்தது. இங்கிலாந்துத் திட்டமோ பெரிதும் பேச்சு வகுப்பு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், போண்டை பகுதி மருத்துவர்கள் இன்னும் முன்னதாகக் கைவைத்தார்கள். முதன்முறை நோய்வாய்ப்பட்டு, அப்போதுதான் மருந்து தொடங்கிய இளைஞர்களுக்குச் செவிலியர், உணவியல் வல்லுநர், உடற்பயிற்சியாளர் மூவரையும் துணைக்கு அளித்தபோது, பன்னிரண்டு வாரங்களில் அவர்களுக்கு ஏறியது 1.8 கிலோ, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. சிறிய ஆய்வுதான், குலுக்கல் முறையில் குழு பிரிக்கப்பட்டதும் அல்ல. இருந்தாலும் அது காட்டும் திசை மற்ற சான்றுகளோடு பொருந்துகிறது.

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று சென்னையின் தென்புறநகரில் ஜிஎஸ்டி சாலையோரம் நீளும் குடியிருப்புகளில் இத்திட்டங்களை அப்படியே நட்டுவைக்க முடியாது. உணவியல் வல்லுநருக்குச் செலவழிக்க முடியாத வீடுகளே அதிகம். லாரியும் பேருந்தும் பறக்கும் சாலையோரத்தில், மருந்தின் மந்தத்தோடு ஒருவரைத் தனியாக நடக்க அனுப்பவும் வீட்டார் அஞ்சுவர். ஆனால் மொட்டை மாடி இருக்கிறது, தெருமுனைக் கோயில் வரை போய்வரலாம், தண்ணீர்க் குடம் தூக்கவும் துணி உலர்த்தவும் ஆள் வேண்டியிருக்கிறது. யாராவது ஒருவர் கூடவே நடப்பது என்பதுதான் இதில் விலைமதிப்பற்ற பகுதி, ஏனெனில் ஊக்கக்குறைவு உள்ளவரிடம் ‘போய் நடந்துவிட்டு வா’ என்று சொல்வதால் எதுவும் நடப்பதில்லை. உணவிலும் பெரிய புரட்சிகளைவிட இரண்டு இடங்களில் கைவைப்பது அதிகப் பலன் தரும். முதலாவது, குடிக்கும் சர்க்கரை. இரண்டு கரண்டி, அதாவது ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை போட்ட தேநீர் ஒரு நாளைக்கு ஆறு தடவை என்றால், 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி. மாதத்தில் கிட்டத்தட்ட 1.8 கிலோ சர்க்கரை. அதோடு ஒட்டிவரும் பட்டர் பிஸ்கட்டும் பஜ்ஜியும் இக்கணக்கில் சேரவில்லை. தாகத்துக்கு நீர்மோரும், எலுமிச்சை பிழிந்து உப்பிட்ட தண்ணீரும் போதும். இரண்டாவது, இரவுப் பசி. மாத்திரைக்குப் பிறகு பசிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்பதால், அந்நேரத்துக்கென்று சுண்டலோ அவித்த முட்டையோ வெள்ளரிக்காயோ எடுத்துவைப்பது, பரோட்டாக் கடையை நோக்கிப் போகாமல் தடுக்கும். நியாயவிலைக் கடை அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில், சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டச் சொல்லும் அறிவுரை குடும்பத்தின் பணப்பையைத் தொடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிவுரை கூறுவோர் அந்தச் செலவைக் கணக்கில் கொள்வதில்லை.

இவை போதாதபோது மருந்தியல் உதவிக்கு வருகிறது. சர்க்கரைநோய்க்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படும் மெட்ஃபார்மின் மாத்திரையே இதில் மிக நம்பகமானது. சீனாவில் 128 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், வெறும் மாத்திரைப் போலியை உண்டவர்களின் உடல் நிறை குறியீட்டெண் 1.2 ஏறியது, வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் 0.5 குறைத்தது, மெட்ஃபார்மின் மட்டும் 1.2 குறைத்தது, இரண்டும் சேர்ந்தபோது 1.8 குறைந்தது. எடை ஏறும்வரை காத்திராமல், ஓலன்சபினோ க்ளோசபினோ தொடங்கும்போதே மெட்ஃபார்மினையும் தொடங்கலாம் என்று 2024-இல் அயர்லாந்து வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டி சொல்லும் அளவுக்கு இன்று சான்று வலுவடைந்திருக்கிறது. விலையோ சொற்பம். சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு ஆகாது என்பதும், ஆண்டுக்கணக்கில் உண்டால் பி12 வைட்டமின் குறையக்கூடும் என்பதும், வயிற்றுத் தொந்தரவைத் தவிர்க்க உணவோடு சிறிய அளவில் தொடங்க வேண்டும் என்பதும் மருத்துவர் கவனிக்க வேண்டியவை. அரிபிப்ரசோல் போன்ற, எடையைப் பெரிதாகத் தொடாத மருந்துக்கு மாறுவது இன்னொரு வழி. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படி மாறியவர்கள் ஆறு மாதத்தில் மாறாதவர்களைவிட 2.9 கிலோ கூடுதலாக இழந்தார்கள், ஆனால் புதிய மருந்தை இடையில் கைவிட்டவர்களும் அவர்களிடையே அதிகம். ஆகவே நோய் நன்கு அடங்கியிருக்கும்போது, வீட்டார் அறிய, மெல்ல மெல்லச் செய்ய வேண்டிய மாற்றம் அது. க்ளோசபினுக்கோ மாற்று என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை.

அண்மையில் பெரும் பேச்சாகியிருக்கும் செமாகுளுடைட் வகை ஊசிகள் குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனைப் போல நடித்து, நிறைவுணர்வை உண்டாக்குபவை. அவ்வகையின் முன்னோடியான லிராகுளுடைட், க்ளோசபின் அல்லது ஓலன்சபின் உண்ணும் 103 பேரிடம் டென்மார்க்கில் சோதிக்கப்பட்டு, பதினாறு வாரங்களில் 5.3 கிலோ குறைவைத் தந்ததாக 2017-இல் செய்தி வந்தது. இந்தியாவில் 2025-இல் வெகோவி, மவுன்ஜாரோ என்ற பெயர்களில் இத்தகைய ஊசிகள் விற்பனைக்கு வந்தபோது மாதச் செலவு பல ஆயிரம் ரூபாய். அந்த விலையில் இது, மாத்திரைக்கே அரசு மருத்துவமனையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கான மருந்தன்று. க்ளோசபின் கடும் மலச்சிக்கலை உண்டாக்கும், இந்த ஊசிகளும் குடலின் இயக்கத்தை மந்தமாக்கும் என்பதால் இரண்டையும் சேர்ப்பதில் தனி எச்சரிக்கை வேண்டும்.

எடையைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது நோயாளியின் மானம். குரல்கள் ஓய்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் உறவினர் திருமணத்துக்குப் போகும் இளம்பெண்ணிடம் முதலில் சொல்லப்படும் சொல் ‘என்னம்மா இப்படி ஊதிப்போய்ட்டே’ என்பதாக இருந்தால், அவள் அடுத்த மாதம் மாத்திரையைத் தொடமாட்டாள். தட்டில் விழும் ஒவ்வோர் இட்லியையும் எண்ணும் தாய், அன்பினால்தான் எண்ணுகிறாள். ஆனால் இடைவிடாத குறைகூறலும் கண்காணிப்பும் நிறைந்த வீடுகளில் மனச்சிதைவு நோய் திரும்பத் தாக்கும் வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. வீட்டில் எல்லோரும் ஒரே உணவை உண்பதும், சர்க்கரைப் புட்டியை யாருக்கும் எட்டாமல் வைப்பதும், ஒருவரை மட்டும் தனியே பிரித்துப் பத்தியம் போடுவதைவிட மேலானவை. பல வீடுகளில் தந்தைக்கோ தாய்க்கோ ஏற்கெனவே சர்க்கரைநோய் இருக்கும் என்பதால், அந்த ஏற்பாட்டால் அவர்களுக்கும் நன்மைதான்.

வண்டலூரில் வசிக்கும் நோயாளி ஒருவருக்கு மனநலச் சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கேளம்பாக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியோ, மின்சார ரயிலில் எழும்பூர் வரை போய் அங்கிருந்து மாறிச் செல்ல வேண்டிய கீழ்ப்பாக்கமோ இருக்கின்றன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் இரண்டு சீட்டுகள். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தெரிவதில்லை. மனநல மருத்துவர் உடலைப் பொது மருத்துவரின் பொறுப்பென்று விட்டுவிட, பொது மருத்துவரோ மனநோயாளி என்றதும் மேற்கொண்டு பரிசோதிக்கத் தயங்குகிறார். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டில் நடந்துவருகிறது. அத்திட்டப் பணியாளரின் பதிவேட்டில் ஓலன்சபின், க்ளோசபின் உண்போருக்கென்று ஒரு பத்தி ஒதுக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் இடுப்பளவும் குறிக்கச் செய்வது அரசுக்குப் பெரும் செலவில்லாத வேலை. அதுவரை, இம்மருந்துகளில் ஒன்றை முதன்முதலாக எழுதி வாங்கும் ஒவ்வொருவரும், அவருடன் வந்தவரும், மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் அன்றைய எடையை அதே சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.